சமயபாடத்துக்கு ஆள் கேட்க முதல் நேரசூசியைத் திறவுங்கள்

கேள்வியின் சாரம் இது. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வகை 2 பாடசாலை. தரம் 1 முதல் 11 வரை, தரத்துக்கு ஒரு வகுப்பு. பிள்ளைகளில் பெரும்பகுதி சைவம், அடுத்து கத்தோலிக்கம், பிறகு சீர்திருத்தக் கிறிஸ்தவச் சபைகளுக்குப் போகும் குடும்பங்கள், மீள்குடியேறிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர். சைவநெறி படிப்பித்த ஆசிரியை பதிலீடு இல்லாமல் இடமாற்றத்தில் போய்விட்டார். மற்றச் சமயங்களுக்கு ஒருநாளும் ஆள் இருந்ததில்லை. வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் போட்டும் பதில் இல்லை. பிரதி அதிபர் ரீச்சர் இனி என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

ரீச்சர், அடுத்த கடிதத்தை எழுத முதல் நேரசூசியை மேசையில் விரியுங்கள். வலயம் ஏன் பதில் போடவில்லை என்பது அதில்தான் தெரியும். ஆளணி கணக்கிடப்படுவது மாணவர் தொகையையும் பாடவேளையையும் வைத்து. உங்கள் பாடசாலையின் கத்தோலிக்கப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டினாலும் ஒரு முழு ஆசிரியருக்குரிய பாடவேளை வராது. இஸ்லாத்துக்கு அதைவிடக் குறைவு. ஆகவே ‘கத்தோலிக்க ஆசிரியர் ஒருவரைத் தரவும்’ என்று எழுதிய கடிதத்தை வாசிக்கும் உத்தியோகத்தர், நியாயமான கோரிக்கை என்று நினைத்தாலும், எதுவும் செய்ய வழியில்லாமல் கோவையில் போட்டுவிடுவார். சைவநெறிக்குக்கூட, வாரத்துக்கு 2 பாடவேளை என்று வைத்துக்கொண்டால், தரம் 6 முதல் 11 வரை 12 பாடவேளைதான் வரும். மிச்ச நேரத்துக்கு அந்த ஆசிரியர் தமிழோ வரலாறோ எடுக்கவேண்டும். (உங்கள் பங்கீட்டில் 2 என்பது கூடக்குறைய இருந்தால் கீழே வரும் கணக்குகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.)

வன்னியில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆள் இல்லையென்றால் சாதாரண தரப் பெறுபேறு விழுந்துவிடும், வலயக் கூட்டத்தில் அதிபர் பதில் சொல்லவேண்டி வரும். சமயத்துக்கு ஆள் இல்லாவிட்டால் யாரும் கேட்பதில்லை. ‘ஆரும் எடுக்கலாம்தானே’ என்ற நினைப்பு. நியமனக் கடிதத்தில் இந்து நாகரிகமோ சைவநெறியோ உள்ள ஆசிரியரையே ஆரம்பப் பிரிவு வெற்றிடத்துக்கு இழுத்து, சமய வகுப்பை அன்றைக்கு ஓய்வாக இருக்கும் யாருக்காவது கொடுப்பது வழமையாகிவிட்டது. பட்டியலில் சமய ஆசிரியர் ஒருவர் இருப்பதாகவே காட்டும். வகுப்பில் மட்டும் ஆள் இருக்காது.

பிள்ளைக்கு இதனால் வரும் நட்டம் சின்னதல்ல. உயர்தரத்துக்குப் போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட 6 பாடங்களில் சித்தியும் அவற்றில் குறைந்தது 3 திறமைச் சித்தியும் வேண்டும். கணிதத்தில் S (சாதாரண சித்தி) எடுத்துத் தப்பும் பிள்ளைக்கு அந்த 3 திறமைச் சித்திகள் எங்கிருந்து வரும்? தமிழ், சமயம், வரலாறு, அழகியல். சமயத்தில் S எடுத்த பிள்ளை ‘பாஸ்’ என்றுதான் புள்ளிவிபரத்தில் விழும். ஒரு C (திறமைச் சித்தி) குறைந்ததால் உயர்தர வாசலில் நின்றுபோனது எந்த வரைபடத்திலும் வராது.

இனி நேரசூசி. நீங்கள் இப்போது செய்வது அனேகமாக இதுதான்: ஒவ்வொரு வகுப்பின் சமய பாடவேளையும் வெவ்வேறு நேரத்தில் கிடக்கிறது. தரம் 8இல் சைவநெறி நடக்கும்போது கத்தோலிக்கப் பிள்ளைகள் பின்வாங்கில் கொப்பியில் கீறிக்கொண்டிருப்பார்கள், அல்லது நூலகத்துக்கு அனுப்பப்படுவார்கள். நான்கு சமயத்தையும் தரம்தரமாகத் தனித்தனியே நடத்தினால் 48 பாடவேளைக்கு ஆள் வேண்டும். அது எந்தச் சின்னப் பாடசாலைக்கும் முடியாத காரியம்.

சிலர் மறுகோடிக்குப் போய், தரம் 6 முதல் 11 வரை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சமயம் என்று வைத்துவிடுவார்கள். அதுவும் சரிவராது. பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையும் 11 வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருந்தால் இருவருக்கும் பாடம் இல்லை. அத்தோடு சைவநெறிக்கு மட்டும் ஒரே நேரத்தில் மூன்று நான்கு ஆசிரியர் தேவைப்படும்.

நடுவழி இது: 6ஐயும் 7ஐயும் ஒரு தொகுதி, 8ஐயும் 9ஐயும் ஒரு தொகுதி, 10 தனி, 11 தனி. நான்கு தொகுதி, தொகுதிக்கு 2 பாடவேளை, வாரத்துக்கு மொத்தம் 8 நேரத்துண்டு. அந்தத் தொகுதிக்குரிய எல்லாச் சமயமும் அதே நேரத்துண்டில் நடக்கும். இப்போது எந்தச் சமயத்துக்கும் தேவை 8 பாடவேளைதான். வகுப்பறைக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். தரம் 10 சமயத்துக்குப் பிரியும்போது மற்ற 5 வகுப்புக்கும் 5 பேர், நான்கு சமயத்துக்கும் 4 பேர், ஆக 9 பேர் அந்த நேரத்தில் இரண்டாம் நிலைப் பிரிவில் நிற்கவேண்டும். 6-7 பிரியும்போது 8 பேர் போதும். ஆசிரியர் தொகை இதற்குக் கட்டாவிட்டால், ஒரு தொகுதியில் குறிப்பிட்ட சமயப் பிள்ளைகளே இல்லாத நேரத்துண்டுகளைத் தேடுங்கள். நான்கு சமயமும் நான்கு தொகுதியிலும் இருக்கும் பாடசாலை அபூர்வம்.

அந்த 8ஐயும் இரண்டு நாளுக்குள் அடக்குங்கள், நாளுக்கு 4. வெளியிலிருந்து ஒருவர் வருவதென்றால் இரண்டு நாள் வருவார், ஐந்து நாளும் ஒவ்வொரு பாடவேளைக்கு வரமாட்டார். நாளைத் தெரிவதில் கவனம் வேண்டும். வெள்ளி வேண்டாம். ஜும்ஆ இருக்கிறது, தூர ஊர் ஆசிரியர்கள் வீட்டுக்கு வெளிக்கிடுவதும் அன்றுதான். திங்களில் வார இறுதி முடிந்து திரும்புவோர் பிந்துவார்கள். செவ்வாயும் வியாழனும் பெரும்பாலும் பொருந்தும்.

நேரமும் முக்கியம். 7.50க்கு முதற் பாடவேளை தொடங்கி 40 நிமிடக் கணக்கில் ஓடி, 10.30 முதல் 10.50 வரை இடைவேளை விடும் பாடசாலையில் 3ஆம், 4ஆம், 5ஆம், 6ஆம் பாடவேளைகளைச் சமயத்துக்கு ஒதுக்குங்கள். அதாவது 9.10 முதல் 12.10 வரை. ஏ9இல் இறங்கி, பரந்தனிலோ மாங்குளத்திலோ பஸ் மாறி முல்லைத்தீவு வீதியால் வரும் ஒருவர் முதற் பாடவேளைக்குக் கிட்டமாட்டார். கடைசிப் பாடவேளையை விட்டுவிட்டுத் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பார். இரண்டு ஓரத்தையும் வெட்டிவிட்டால் அந்தப் பிரச்சினையே எழாது. தரம் 11ஐ 3இலும் 10ஐ 4இலும் வையுங்கள். முதலாம் தவணையில் இல்ல மெய்வல்லுநர் பயிற்சி தொடங்கினால் இடைவேளைக்குப் பிந்திய பாடவேளைகள்தான் முதலில் பறிபோகும். பறிபோவது சாதாரண தரப் பிள்ளைகளின் நேரமாக இருக்கக்கூடாது.

இணைந்த வகுப்பில் எப்படிப் படிப்பிப்பது என்பது அடுத்த கேள்வி. இந்த வருடம் எல்லோருக்கும் தரம் 6 புத்தகம், அடுத்த வருடம் எல்லோருக்கும் தரம் 7 புத்தகம் என்று சுழற்றும் யோசனை கேட்க நன்றாக இருக்கும். வடமாகாணத்தில் அது தவணைப் பரீட்சையில் இடறும். பொது வினாத்தாள் தரவாரியாக வருகிறது. தரம் 7 பிள்ளை தன் தரத்து வினாத்தாளைத்தான் எழுதவேண்டும். நடுவில் விலகிப் போகும், வந்து சேரும் பிள்ளைகளுக்கும் ஒரு வருடப் பாடம் முழுதாக இல்லாமற் போகும். ஆகையால் நேரத்தை வெட்டுங்கள். முதல் 10 நிமிடம் இரு தரத்துக்கும் பொதுவாக: பாடல், வரலாறு, படம். அடுத்த 12 நிமிடம் தரம் 7க்கு நேரடியாக, அந்த நேரம் தரம் 6க்குப் புத்தகத்திலிருந்து எழுத்து வேலை. பிறகு மாற்றி 12 நிமிடம். கடைசி 6 நிமிடம் கொப்பி பார்க்க. எழுத்து வேலையைக் கரும்பலகையில் முதலே எழுதிவைக்காவிட்டால் இந்த ஏற்பாடு முதல் வாரத்திலேயே குலைந்துபோகும்.

சைவநெறியை இனி ஒரு தமிழ் ஆசிரியரோ வரலாற்று ஆசிரியரோ எடுக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் கிடைக்கும், பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் கிடைக்கும். இரண்டையும் இறக்கி அச்சிட்டுக் கையில் கொடுங்கள். போனில் பார்க்கச் சொன்னால் பார்க்கமாட்டார். பாடத்தோடு பழக்கம் இல்லாதவர் இடறும் இடங்களை முதலே சொல்லிவிடுவது நல்லது. பஞ்சபுராணம் என்றதும் ஐந்து புராண நூல்கள் என்று விளக்கத் தொடங்குவார்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, திருத்தொண்டர் புராணம் ஆகிய ஐந்திலிருந்தும் பாடல் ஓதுவதற்குத்தான் அந்தப் பெயர். மாணிக்கவாசகர் சமயகுரவர் நால்வரில் ஒருவர், ஆனால் அறுபத்துமூன்று நாயன்மாருக்குள் இல்லை. இதைத் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் பல்தேர்வு வினாவில் ஒரு வகுப்பே சேர்ந்து பிழைவிடும். சமயகுரவரில் திருஞானசம்பந்தர், சந்தானகுரவரில் மறைஞானசம்பந்தர்: இருவரும் இடம் மாறுவது இன்னொரு வழமையான பிழை. பன்னிரு திருமுறை வகுப்பையும் (முதல் மூன்றும் சம்பந்தர், 4 முதல் 6 வரை அப்பர், 7 சுந்தரர், 8 மாணிக்கவாசகர், 10 திருமந்திரம், 12 பெரியபுராணம், இடையில் 9இலும் 11இலும் பலர்) மெய்கண்ட சாத்திரங்கள் 14ஐயும் ஒரு பெரிய காட்போட்டில் எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். ஆசிரியர் மாறினாலும் சுவர் மாறாது.

ஈழத்துத் தலங்களைப் படிப்பிக்கும்போது திருக்கேதீச்சரத்துக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடியதையும், திருக்கோணமலைக்குச் சம்பந்தரின் பதிகம் உள்ளதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிள்ளைகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். வற்றாப்பளை, ஒட்டுசுட்டான் கோயில்களுக்கு ஒவ்வொரு வருடமும் போய்வரும் பிள்ளைகளுக்கு ஆலய அமைப்பைப் புத்தகப் படத்தில் மட்டும் காட்டி நிறுத்துவது வீண். கொடிமரம், பலிபீடம், மகாமண்டபம் எங்கே இருந்தன என்று அவர்களையே கீறச் சொல்லுங்கள். பண்ணோடு பாட வராத ஆசிரியர் வெட்கப்படத் தேவையில்லை, ஒலிப்பதிவைப் போட்டுப் பின்பாட்டாகப் பாடவைத்தால் போதும்.

இப்போது மிகக் கூடுதலாகப் பிழை நடக்கும் இடத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் ஒரே பாடம் என்று நினைத்துச் சபைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையைக் கத்தோலிக்க வகுப்பில் இருத்திவிடுவது. இரண்டுக்கும் பாடத்திட்டமும் வேறு, பாடநூலும் வேறு, சாதாரண தரத்தில் பாட இலக்கமும் வேறு: சைவநெறி 12, கத்தோலிக்கம் 14, கிறிஸ்தவம் 15, இஸ்லாம் 16. விண்ணப்பப் படிவத்தில் 15க்குப் பதில் 14 விழுந்தால் பிள்ளை மண்டபத்தில் படிக்காத வினாத்தாளை வாங்கிக்கொண்டு இருக்கும். உள்ளடக்க வித்தியாசமும் சாதாரணமானதல்ல. கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள், சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66. கத்தோலிக்கர் திருவருட்சாதனங்கள் ஏழு என்பார்கள், சீர்திருத்தச் சபைகள் பொதுவாகத் திருமுழுக்கையும் திருவிருந்தையும் மட்டும் ஏற்கும். ‘எல்லாம் யேசுதானே’ என்று சொல்லி இரண்டு கூட்டத்தையும் ஒரே வினாவுக்குப் பதில் எழுதவைக்க முடியாது. ஒரே அறையில் ஒரே ஆசிரியர் மேற்பார்வையில் இருக்கலாம், புத்தகமும் வேலையும் வேறாக இருக்கவேண்டும்.

எந்தப் பிள்ளைக்கு எந்தச் சமயபாடம் என்பதை ஆசிரியர் தீர்மானிக்கக்கூடாது, பெயரைப் பார்த்து ஊகிக்கவும் கூடாது. பிறப்புச் சான்றிதழில் பெற்றோரின் இனம்தான் இருக்கும், சமயம் இருக்காது. சேர்வு இடாப்பில் பதிந்த நாளுக்குப் பிறகு குடும்பம் சபை மாறியிருக்கலாம். யுத்தத்துக்குப் பிந்திய வன்னியில் இது சாதாரணம், அதற்காகப் பிள்ளையை வகுப்பில் நிற்கவைத்துக் கேள்வி கேட்பது அநியாயம். தரம் 6க்கு ஒருதரம், தரம் 10 தொடங்கும்போது ஒருதரம் பெற்றோரிடம் கையொப்பத்தோடு ஒரு வரிக் கடிதம் வாங்கிக் கோவையில் போடுங்கள்: இன்ன பிள்ளை இன்ன சமயபாடத்தைக் கற்கும். தாயும் தகப்பனும் ஆளுக்கொன்று சொன்னால் இருவரையும் கூப்பிட்டுப் பேசி, முடிவைச் சம்பவத்திரட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தரம் 10க்குப் பிறகு மாற்றம் கேட்டால் இரண்டு வருடப் பாடத்தில் எவ்வளவு போய்விட்டது என்று விளக்கிச் சொல்லவேண்டியது உங்கள் கடமை. அதற்கு மேல் வற்புறுத்தவேண்டாம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சமயத் தெரிவை எவருக்கும் முழு உரிமையாகவே கொடுத்திருக்கிறது.

இஸ்லாம் பாடத்துக்கு முஸ்லிம் அல்லாத ஆசிரியர் வாசிப்பையும் கடந்தகால வினாத்தாள்களையும் மேற்பார்வை செய்யலாம். குர்ஆன் ஓதலையும் அரபுச் சொற்களின் உச்சரிப்பையும் அவர் தொடக்கூடாது, பிழையாகப் பழக்கிவிடுவார். 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வளர்ந்து திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் வருட நடுவிலும் வந்து சேர்வதால், பாடநூல் கையிருப்பை இரண்டு மூன்று கூடவே கேட்டு வையுங்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி பக்கம் உள்ள முஸ்லிம் பாடசாலையோடு ஏற்பாடு செய்வதுதான் முல்லைத்தீவில் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பக்கத்துப் பாடசாலையோடு ஆசிரியரைப் பகிர்வதுதான் மிச்ச எல்லாவற்றையும்விடப் பலன் தரும். உங்கள் 8 பாடவேளை செவ்வாய், வியாழன். அடுத்த பாடசாலையின் 8ஐ, திங்களில் கொஞ்சம் பிந்தினாலும், திங்கள், புதனுக்கு வைத்தால் 16. இந்தக் கணக்கோடு போனால்தான் ஆசிரியரை இரண்டாம் பாடசாலைக்கும் இணைக்கும் கடிதத்தை வலயம் தரும் நிலை வரும். இதில் பிழைக்கும் இடம் வரவு. ஆசிரியர் லீவு எடுத்த நாளில் இரண்டு அதிபர்களும் அவர் மற்றப் பாடசாலையில் நிற்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். லீவு தாய்ப் பாடசாலையில் மட்டும், மற்றதில் வந்த நேரமும் போன நேரமும் மட்டும் என்று கடிதத்திலேயே எழுதப்படவேண்டும். பயணச் செலவு யாருடையது என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் ஆசிரியர் இரண்டாம் மாதத்தில் வருவதை நிற்பாட்டிவிடுவார், அதில் அவரைக் குறைசொல்ல முடியாது.

அறநெறிப் பாடசாலை ஆசிரியர், சைவப்புலவர், அருட்சகோதரி, மௌலவி என்று ஊரில் உதவக்கூடியவர்கள் இருப்பார்கள். பயன்படுத்துங்கள், ஆனால் வலயத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒருவரையும் வகுப்புக்குள் விடாதீர்கள். கதவு திறந்த அறை, பாடசாலை ஆசிரியர் ஒருவர் கூட இருப்பது, பாடத்திட்டத்துக்குள் மட்டும் கற்பிப்பது, எந்தத் துண்டுப்பிரசுரமும் கொடுக்காமல் இருப்பது: இதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். கத்தோலிக்க மறைக்கல்வி ஆட்களைத் தேடும்போது முல்லைத்தீவும் கிளிநொச்சியும் யாழ். மறைமாவட்டத்துக்குள் வருவதை நினைவில் வையுங்கள். 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்துக்குள் மன்னாரும் வவுனியாவும்தான் வரும். தவறான இடத்துக்குக் கடிதம் போட்டு ஒரு தவணை போன கதை நடக்கிறது.

ஆரம்பப் பிரிவில் வகுப்பாசிரியரே சமயமும் எடுப்பதால் இத்தனை நெரிசல் இல்லை. தரம் 3, 4, 5இன் சிறுபான்மைச் சமயப் பிள்ளைகளை வாரத்தில் ஒரு நேரம் ஒன்றாக்கி ஒருவரிடம் கொடுத்தால் போதும்.

இவ்வளவும் தயாரானபின் கடிதம். கோட்டக் கல்விப் பணிப்பாளர் ஊடாக வலயக் கல்விப் பணிப்பாளருக்கு, ஒரு பக்கம், அதன் நகல் ஒன்று சமயபாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்கு. ‘ஆசிரியர் இல்லாமல் மாணவர் பெரிதும் பாதிக்கப்படுகின்றனர்’ என்ற வசனத்தை விட்டுவிடுங்கள், எல்லாக் கடிதத்திலும் அதுதான் இருக்கிறது. கேட்பது இப்படி இருக்கட்டும்: இன்ன பாடசாலையில் சேவையாற்றும் கத்தோலிக்க பாட ஆசிரியரை, செவ்வாய், வியாழன் 3 முதல் 6 வரையான பாடவேளைகளுக்கு, வாரத்துக்கு 8 பாடவேளை இணைத்துத் தரவும். இணைப்பாக மூன்று தாள். ஒன்று, தரவாரியாகச் சமயவாரியாக மாணவர் தொகை. இது வருடாந்தப் பாடசாலைத் தொகைமதிப்பில் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகவேண்டும், ஒத்துப்போகாவிட்டால் முழுக் கடிதமும் சந்தேகத்துக்குள்ளாகும். இரண்டு, எல்லா ஆசிரியர்களின் நியமனப் பாடம், இப்போது கற்பிக்கும் பாடம், பாடவேளை. இதை ஒளிக்காமல் எழுதுங்கள். உங்களிடமே சைவநெறி நியமனத்தோடு ஒருவர் தரம் 4இல் நின்றால் அதை வலயம் கண்டுபிடிக்க முதல் நீங்களே சொல்லி, அவரை மீட்க ஆரம்பப் பிரிவுக்கு ஆள் கேட்பது புத்திசாலித்தனம். மூன்று, மற்றப் பாடசாலை அதிபரின் சம்மதக் கடிதம். அதிபர்கள் இருவரும் முதலே பேசி முடித்துவிட்டால் வலயத்துக்கு மிஞ்சுவது கையொப்பம் மட்டும்.

போன ஆசிரியையின் விடயத்திலிருந்து இனிமேலைக்கு ஒன்று. இடமாற்றக் கட்டளையில் ‘பதிலீட்டுடன்’ என்று இருந்தால் மட்டும் விடுவிப்பைத் தாமதிக்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. இல்லாவிட்டால் ஆளைப் பிடித்துவைக்காதீர்கள். வருடக்கணக்காக யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்து படிப்பித்தவரை மனக்கசப்போடு அனுப்பினால், அடுத்து நியமனம் பெறுபவர் உங்கள் பாடசாலைப் பெயரைக் கேட்டதும் வேறு இடம் கேட்பார். விடுவிக்கும் நாளில் அவரிடம் வாங்கவேண்டியது வேறு: எந்தத் தரத்தில் எந்த அலகு வரை முடிந்தது, தவணை வேலைத்திட்டம், புள்ளிப் பதிவு, கடந்தகால வினாத்தாள் கட்டு. இதே கோவையை இப்போது சேவையில் உள்ள எல்லாச் சமயபாட ஆசிரியரிடமும் கேட்டு வாங்கி வையுங்கள். இளம் ஆசிரியைகள் கூட உள்ள பாடசாலையில் பிரசவ விடுமுறை 84 வேலைநாள், ஒரு தவணைக்கு மேல். அந்த நேரம் வகுப்புக்குள் போகிறவருக்குக் கையில் கொடுக்க அந்தக் கோவை வேண்டும்.